உடன் உண்ண ஓர் ஆள்

பாஸ்டர் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் வாசலில் நின்றபடியே கூப்பிட்டார்.

"சார், குடிபாலா வரைக்கும் போகணும். ஃப்ரீதானே?"

மனைவியை அடக்கம் பண்ணிவிட்டு, மகளை விமானம் ஏற்றிவிட்டு, சித்தூரில் மூன்று அறை வீட்டில் பென்ஷனோடு உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"யாருக்கு?"

"ரூத்தம்மான்னு ஒரு அம்மா. எழுந்திருக்க முடியலை. திருவிருந்து வேணும்னு யாரோ போன்ல பேசறாங்க, பாத்தா அவங்களேதான். வீட்ல மத்தவங்க யாரும் சபைக்கு வர்றதில்லை. ரூல்தான் உங்களுக்குத் தெரியுமே."

தெரியும். எனக்குத் தெரியாத விதி என்று சித்தூர் மாவட்டத்தில் எதுவும் இல்லை என்பது என் மனைவி என்மேல் வைத்த குற்றச்சாட்டு.

நான் மதிக்கும் விதி

எங்கள் சபை ஒழுங்கில் ஒரு விதி உண்டு. நோயாளிக்கு வீட்டில் திருவிருந்து கொடுக்கும்போது, அவரைத் தனியாக உண்ண விடக் கூடாது. பாஸ்டர் நீங்கலாக, சபையார் ஒருவராவது உடன் உண்ண வேண்டும். அப்பமும் திராட்சை ரசமும் மருந்து அல்ல, ஒருவர் வாயில் ஊற்றிவிட்டு வருவதற்கு. அது பந்தி. ஒற்றை ஆளுக்குப் பந்தி கிடையாது.

வருவாய்த் துறையில் டெபுடி தாசில்தாராக ஓய்வு பெறும் வரை நான் பின்பற்றிய விதிகள் ஏராளம். மதித்தவை சொற்பம். இதை மதிக்கிறேன். எழுதியவர் யாரோ, நோயில் கிடப்பவருக்குப் பசியைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாது. குடும்பஸ்தர்களுக்கு நேரம் இல்லை. அதனால் எங்கள் சபையில் உடன் உண்ணும் ஆள் என்று ஒரு பதவி தானாக உருவாகி, தானாக எனக்கு வந்து சேர்ந்தது. ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவரோடு உண்டிருக்கிறேன். பேச்சு போன ரயில்வே கார்டு ஒருவரோடு உண்டிருக்கிறேன். அவர்களுடைய கடைசிப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். அவர்கள் பேரப்பிள்ளைகளின் பெயர் எனக்குத் தெரியாது. அப்பத்தை விழுங்குவோம், ஜெபம் முடியும், பாஸ்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் அந்தப் பெயரைக் கேட்பேன்.

ஒரே கிண்ணம்

பலராக இருந்தாலும் நாம் ஒரே உடல் என்று மாதா மாதம் சொல்கிறோம். சொல்லும் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும். கமிட்டித் தேர்தலில் தோற்றவர், ஜெயித்தவர்மேல் வழக்குப் போட்டிருப்பார். இருவருக்கும் நடுவில் நியாயமான இடைவெளி விட்டு, இருவருக்குமே வக்கீலாக இருக்க மறுத்தவர் உட்கார்ந்திருப்பார்.

முன்பு வெள்ளிக் கிண்ணம் ஒன்றுதான். ஒருவர் குடித்த விளிம்பைத் துணியால் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். யாருக்குப் பின்னால் யார் குடிக்கக் கூடாது என்பதற்கு எழுதாத ஓர் அட்டவணை இருந்தது. சிலர் முன்கூட்டியே போய் முதல் வரிசையில் முழங்கால் போட்டதற்குப் பக்தி காரணம் அல்ல. பிறகு அந்தப் பெரிய தொற்று வந்தது. ஆளுக்கொரு குட்டிக் கோப்பை வந்தது. தொற்று போய்விட்டது, குட்டிக் கோப்பைகள் போகவில்லை. ஒரே கிண்ணத்தில் குடிக்க விரும்பாதவர்களுக்கு அத்தனை வருடங்கள் கழித்து சுகாதாரக் காரணம் ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான்.

திருப்பதியில் ஒரு கேள்வி

என் மனைவி போனது திருப்பதியில். அங்கேதான் என் கடைசிப் போஸ்டிங். ஆஸ்பத்திரி வார்டில் திரை போட்டுக்கொண்டு அங்கிருந்த தெலுங்குப் பாஸ்டர் அவளுக்குத் திருவிருந்து கொடுத்தார். "இன்னொருவர் வேண்டுமே" என்று சுற்றிலும் பார்த்தார். நான்தான் அந்த இன்னொருவர். எத்தனையோ வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் விழுங்கியவர்கள் நாங்கள். அவளோடு சேர்ந்துதான் உண்கிறேன் என்பதை அந்தத் திரைக்குள்தான் கவனித்தேன். அவளுக்கு விழுங்குவது கஷ்டமாக இருந்தது. எனக்கும்.

அதன் பிறகு கொஞ்ச காலம் திருப்பதியிலேயே தனியாக இருந்தேன். அந்த ஊரில் யாரும் யாரையும் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, "தரிசனம் அயிந்தா?" தரிசனம் ஆயிற்றா என்று ஆட்டோக்காரர் கேட்பார், இட்லிக் கடைக்காரர் கேட்பார், பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்பார். ஊர் முழுக்கப் பதில் வைத்திருந்தது, என்னைத் தவிர. "இல்லை" என்றால் டிக்கெட் கிடைக்க வழி சொல்வார்கள். "ஆச்சு" என்று சொல்லிவிட்டு நடக்கப் பழகிக்கொண்டேன்.

கீழ்வீட்டில் ஒரு வைஷ்ணவர் இருந்தார், மலைக்கோயிலில் கைங்கர்யம் செய்கிறவர். தமிழ் பேசுகிற குடும்பம். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க அவருக்கு விதி இடம் கொடுக்கவில்லை, உட்கார இடம் கொடுத்தது. துக்கம் நடந்த பிறகு தினமும் காலையில் பேப்பரோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்து தலைப்புகளைச் சத்தமாகப் படிப்பார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் மட்டும், "ஓய், நீர் சாப்பிடறீரா இல்லையா?" என்றார். "சாப்பிடறேன் சுவாமி" என்றேன். "தனியாவா? அது சாப்பாடு ஆகாது ஓய்" என்றார். சொல்லிவிட்டு, பங்குச் சந்தைச் சரிவைப் படிக்கத் தொடங்கினார்.

பச்சைக் கேட்டு வீடு

குடிபாலாவில் தண்ணீர்க் குழாய்க்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பாஸ்டருக்குப் போன் வந்துவிட்டது. "பச்சைக் கேட்டு சார், நீங்க நடங்க. நான் வண்டியை ஓரமா விட்டுட்டு வர்றேன்" என்றார்.

நான் கறுப்பு ரெக்ஸின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். உள்ளே கிண்ணம், அப்பத் துண்டுகள் வைத்த டப்பா, திராட்சை ரசம், வெள்ளைத் துணி. வெளியே பார்த்தால் ஆபீஸ் பை. போதாததற்கு வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா. பழக்க தோஷம்.

கேட்டருகில் வெற்றுடம்போடு நின்றிருந்தவர் என்னைப் பார்த்ததும் கொடியிலிருந்து சட்டையை இழுத்து அவசரமாகப் போட்டுக்கொண்டார். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்த அசைவு அது.

"வாங்க சார். நாளைக்குன்னு சொன்னாங்க, இன்னிக்கே வந்துட்டீங்க."

வழியில் பாஸ்டர் சொன்ன ரூத்தம்மாவின் மகன் சேகர் அவர்தான் என்று புரிந்தது. நாளைக்கு வருவதாகப் பாஸ்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்து, "ஆமாம், வண்டி கிடைத்தது" என்றேன்.

நாற்காலி வந்தது. மோர் வந்தது. சேகர் நின்றுகொண்டே பேசினார்.

"நாங்க அம்மாசைக்கு அம்மாசை படையல் போடறவங்க சார். நீங்களே பாருங்க." சுவரில் வேங்கடாசலபதி படம், நெற்றியில் ஈரம் காயாத குங்குமம். "பாப்பாவுக்குத் திருப்பதியிலதான் மொட்டை. போட்டோகூட கீது. ஏய், அந்தப் போட்டோவ எடுத்தாம்மே."

அவர் மனைவி கொண்டு வந்தார். வரைந்த ஏழு மலைக்கு முன்னால், தலையில் சந்தனம் பூசிய குழந்தை ஒன்று அழுதுகொண்டிருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல், "நல்லா இருக்கு" என்றேன்.

"அக்கம்பக்கத்துல யாரைனா கேளுங்க சார். நாங்க சர்ச்சுக்குப் போறவங்கன்னு ஒருத்தன் சொல்லட்டும், நான் காதை அறுத்துக்கறேன்."

அப்போதுதான் விளங்கியது. அவர் எதிர்பார்த்தது என்னை அல்ல, விசாரணைக்கு வரும் அதிகாரியை.

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இந்த எல்லைக் கிராமங்களில் நிலமில்லாமல் இருந்த பல குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ்தான் பிள்ளைகளின் படிப்பு. கோயிலுக்குப் போனால் ஒரு வகுப்பு, சர்ச்சுக்குப் போனால் இன்னொரு வகுப்பு. சலுகையும் அதற்கேற்பக் குறையும். சந்தேகம் என்று யாராவது பிட்டிஷன் போட்டால் விசாரணை வரும். வீட்டில் என்ன படம் இருக்கிறது, யார் வந்து போகிறார்கள், அப்பாவைப் புதைத்தபோது யார் ஜெபித்தார்கள் என்று அண்டை வீட்டில் கேட்பார்கள். நானே போய்க் கேட்டிருக்கிறேன். சேகரின் மகள் மலருக்கு நர்சிங் கவுன்சிலிங். யாரோ பிட்டிஷன் போட்டுவிட்டார்கள்.

நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளறையிலிருந்து கம்மிய குரல் வந்தது.

"யாரு சேகரு? பாஸ்டரு வந்துட்டாரா? ஸ்தோத்திரம் ஐயா."

சேகர் பாய்ந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். "எங்கம்மா சார். வயசாயிப்போச்சு. இன்னாத்தையோ ஒளறிக்கினு இருப்பாங்க."

அந்த நேரம் பார்த்துப் பாஸ்டர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கணீரென்ற குரல் அவருக்கு. "ப்ரைஸ் த லார்ட், பிரதர்."

சேகர் என்னைப் பார்த்தார், பாஸ்டரைப் பார்த்தார், சுவரிலிருந்த பெருமாளைப் பார்த்தார். மூவரில் யாரும் உதவிக்கு வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள்

நான் யார் என்று சொன்னேன். ஓய்வு பெற்று வருடக் கணக்காகிறது, இங்கே சாப்பிட மட்டும் வந்திருக்கிறேன் என்றேன். சேகர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படவில்லை.

"ஏம்மா, எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கதவைத் திறந்து உள்ளே கேட்டார்.

"சொன்னா வேணான்னுவே" என்றார் ரூத்தம்மா.

கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்தார். குப்பம் பக்கம் ராமகுப்பத்தில் பட்டுப்பூச்சி வளர்க்கும் வீட்டில் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு கணவரும் அவரும் சபையில் சேர்ந்தார்கள். அன்றோடு பிறந்த வீட்டார் வந்து போவதை நிறுத்திவிட்டார்கள். கணவர் இறந்ததும் சேகர் சர்ச்சுக்கு வருவதை நிறுத்தினார். ரூத்தம்மா மட்டும் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார், கால் ஒத்துழைத்த வரை. நான் உட்காரும் இடத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில்தான் ஓரமாக உட்கார்ந்திருப்பாராம். எனக்கு முகம் நினைவில்லை.

நான் ஸ்டூலில் வெள்ளைத் துணியை விரித்தேன். பாஸ்டர் ஆராதனையைத் தொடங்கி, அப்பத்தைப் பிட்டார். ரூத்தம்மா கையை நீட்டவில்லை.

"சேகரு, வா. உக்காரு."

"நான் எதுக்கும்மா?"

"நீயும் துன்னணும். உனக்கும் கை வச்சு ஜெபம் பண்ணி சபையில சேத்தாங்க இல்ல? உங்க நைனா சாவறப்ப நாம மூணு பேரும் துன்னோம். இப்ப நீ துன்னாதான் நான் துன்னுவேன்."

"இப்ப வேணாம்மா."

"அப்ப எனக்கும் வேணாம். எடுத்துக்கினு போங்க பாஸ்டரே."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். சேகரும் என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க அந்த ஆபீஸ்லயே இருந்தவரு. சொல்லுங்க. நான் துன்னா இன்னா ஆவும்?"

"யாரும் பார்க்காவிட்டால் ஒன்றும் ஆகாது" என்றேன்.

"நீங்க பாக்கறீங்களே."

"நான் ரிட்டயர்டு."

"பக்கத்து வூட்டுக்காரன் ரிட்டயர் ஆவலயே சார்."

உண்மை. ஜன்னலுக்கு வெளியே, தோண்டிப் போட்ட மண்மேட்டின்மேல் இருவர் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கதவைச் சாத்திக்கலாமே" என்றார் பாஸ்டர்.

"சாத்தினா, சாத்திக்கினு இன்னாவோ பண்ணாங்கன்னு சொல்லுவானுங்க. அம்மாவுக்காகப் பாஸ்டர் வந்தாருன்னா சமாளிச்சுக்கலாம். அம்மா பேர்ல சர்டிபிகேட்டு இல்ல. நான் துன்னா, மலரு பேர்ல வந்து விடியும்." பிறகு தாயின் பக்கம் திரும்பினார். "மலரும்மா. உன் பேத்தி."

பாஸ்டர் கையில் பிட்ட அப்பம் அப்படியே இருந்தது. நான் படித்த விதிப் புத்தகங்களில் எதிலும் இந்தப் பெண்மணிக்கு ஒரு வரிகூட இல்லை.

"சரி, நீ வாசல்ல போய் நில்லு. அவனுங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி நில்லு" என்றார் ரூத்தம்மா மகனிடம். பாஸ்டரிடம் திரும்பினார். "அவன் பங்கயும் எனக்கே குடுங்க. அவனுக்கும் சேத்து நான் துன்றேன்."

பாஸ்டர் மறுபடியும் என்னைப் பார்த்தார். பதிலாள் மூலம் திருவிருந்து பெற விதியில் இடம் இல்லை. அவருக்குத் தெரியும். எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

"எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றேன்.

ரூத்தம்மா ஒரு துண்டு வாங்கினார். பல் இல்லாத ஈறுகளால் மென்று முடித்தார். மறுபடியும் கையை நீட்டினார். "சேகருக்கு" என்று சொல்லி வாங்கினார். இரண்டாவது துண்டு தொண்டையில் நின்றது. நான் ரசக் கோப்பையைப் பிடித்துக்கொள்ள, அதில் நனைத்து விழுங்கினார். பிறகு நான் உண்டேன். வாசலில் சேகரின் முதுகு தெரிந்தது. ஒரு கை கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது.

பாஸ்டர் எங்கள் தெருமுனையில் என்னை இறக்கிவிட்டு, "கமிட்டி மினிட்ஸ்ல நீங்க இதை எழுத வேணாம் சார்" என்றார். நான் வீட்டைத் திறந்து விளக்குப் போட்டேன். பசித்தது. காலையில் வைத்த சோறு இருந்தது. கிச்சன் மேடையில் நின்றுகொண்டே தின்றேன். சாப்பாடு ஆகாது என்று வைஷ்ணவர் சொன்னது அதைத்தான்.

அண்ணன்

அந்த மாதத்துக்குள்ளேயே சேகர் போன் செய்தார். விசாரணை நல்லபடியாக முடிந்துவிட்டது என்று முதலில் சொன்னார். பிறகுதான், "அம்மா போயிட்டாங்க சார்" என்றார். "நீங்க மட்டும் வாங்க. பாஸ்டரு வேணாம். கோச்சிக்காதீங்க."

பஸ் பிடித்துப் போனேன். மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ரூத்தம்மாவை குளிப்பாட்டி நெற்றியில் நாமம் இட்டு உட்கார்த்தியிருந்தார்கள். சபையில் நாங்கள் பாடியிருக்க வேண்டிய ஒரு பாட்டும் பாடப்படாது என்று தெரிந்தது. கூட்டத்தின் ஓரமாக நின்றேன். தலையைக் காட்டிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பதாக எண்ணம்.

சேகர் வந்து என் கையைப் பிடித்து வீட்டின் பின்பக்கம் கூட்டிப் போனார். புதுச் சேலை ஒன்றைக் காகிதத்தோடு என் கையில் வைத்தார்.

"பொறந்த வூட்டுக் கோடி சார். ராமகுப்பத்துலருந்து யாரும் வரல. கோடி போடாம எடுக்கக் கூடாதுன்றாங்க பெரியவங்க."

"சேகர், அதை உடன்பிறந்தவன்தான் போட வேண்டும். எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும் சார். அன்னிக்கி அவங்களோட உக்காந்து துன்னீங்களே. அதுக்கு மேல எனக்கு யாரக் கூப்பிடறதுன்னு தெரியல."

முன்னால் வந்தோம். தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர், "யாருப்பா இவுரு?" என்றார். அன்று மண்மேட்டில் உட்கார்ந்திருந்த இருவரும் அங்கேதான் நின்றிருந்தார்கள்.

"அம்மாவோட அண்ணன். சித்தூருல கீறாரு" என்றார் சேகர், அவர்களுக்கும் கேட்கும்படியாக.

எங்கள் சபையில் கோடி போடும் வழக்கம் இல்லை. இத்தகைய சடங்குகளில் கலந்துகொள்ளக் கூடாது என்ற தீர்மானம் ஒன்றுகூட உண்டு. வரைவு என்னுடையது. நான் காகிதத்தைப் பிரித்து, சேலையை ரூத்தம்மாவின் தோளைச் சுற்றிப் போர்த்தினேன். ஒரு பக்கம் சரிந்தது. ஏற்றிவிட்டேன்.

கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த பெண்கள் அதுவரை செத்தவரைப் பார்த்துத்தான் ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது என் பக்கம் திரும்பினார்கள். அண்ணன் கிடைத்துவிட்டால் விட மாட்டார்கள், அது முறை. நல்லது கெட்டதுக்கு எட்டிப் பார்க்காதவன் என்றார்கள். கட்டிக்கொடுத்ததோடு கைகழுவினவன் என்றார்கள். ஒருத்தி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முன்பின் அவளை நான் பார்த்ததில்லை.

"கூடப் பொறந்தது ஒண்ணு இங்க ஒண்டியாக் கெடந்துச்சே. ஒரு நாளாவது வந்து, சாப்பிட்டியாடின்னு கேட்டியா அண்ணா?"

அவளுக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது. நானும் ரூத்தம்மாவும் ஒரே சபை, பக்கத்துப் பெஞ்சு.

"இல்லம்மா, கேக்கல" என்றேன்.